ஊர்ப் பள்ளிக்கூடமா, ஆர்.சி. பள்ளிக்கூடமா? சொல்லிக்கொடுக்கும் விதத்தில் என்ன வேறுபாடு

பாபநாசம் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகளுக்கு வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. நடக்கிற தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு டீச்சர்கள். வேனில் போகிற தூரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளி, தமிழ்வழி அரசு உதவியில், ஆங்கிலவழி கட்டணத்தில். டொராண்டோவில் இருக்கும் அண்ணன், "இங்கே கத்தோலிக்கப் பள்ளிதான் ஒசத்தி, யோசிக்காமல் அங்கேயே சேர்த்துவிடு" என்கிறார். மாமனாரோ, "நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நாமே கைவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்" என்கிறார். "பெருமை பேச்சு வேண்டாம். இரண்டு இடத்திலும் எழுத்தையும் கணக்கையும் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைச் சொல்லுங்கள். நாங்கள் இந்துக்கள், அதனால் ஏதும் சிக்கல் வருமா என்பதையும் சொல்லுங்கள்" என்பது அவர் கேள்வி.

இப்படிக் கேட்கிற பெற்றோர் குறைவு. டை உண்டா, ஷூ உண்டா, வேன் வாசலுக்கு வருமா என்பதோடு பெரும்பாலும் விசாரணை முடிந்துவிடும். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் வட்டார வள மையங்களில் ஆசிரியப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு வகைப் பள்ளிகளிலும் வகுப்பறையின் கடைசியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் கவனிப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதை வைத்துச் சொல்கிறேன். வேறுபாடு உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் அது மதத்தால் வந்ததில்லை. ஒரு டீச்சர் கையில் ஒரு வகுப்பு இருக்கிறதா, மூன்று வகுப்பு இருக்கிறதா என்பதால் வந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறவை.

முதலில் உங்கள் அண்ணன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பொதுப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி இரண்டுமே வரிப்பணத்தில் நடப்பவை. 1867-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு வகைப் பள்ளிக்கும் மாகாணத்தின் ஒரே பாடத்திட்டம். மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் ஒரே மாகாணத் தேர்வு. கத்தோலிக்கப் பள்ளியில் மறைக்கல்வியும் (அவர்கள் சமயத்தைச் சொல்லிக்கொடுப்பது) ஒரு பாடம், அவ்வளவுதான் கூடுதல். அங்கே தொடக்கப் பள்ளியில் சேரப் பொதுவாகப் பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்க வேண்டும். நம் ஊரில் அந்த நிபந்தனை கிடையாது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அது கட்டணப் பள்ளி. 1982-ல் ஜேம்ஸ் கோல்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் படிப்பில் முந்துகிறார்கள் என்று எழுதியபோது பெரிய விவாதமே நடந்தது. காசு கட்டி, தேடிப் போய்ச் சேர்க்கிற பெற்றோரின் பிள்ளைகள் எங்கே படித்தாலும் முந்தத்தானே செய்வார்கள் என்று மறுத்தவர்கள் கேட்டார்கள். தொடக்கப் பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2014-ல் டாட் எல்டர், கிறிஸ்டோபர் ஜெப்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடும்பப் பின்னணியின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியால் மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை, கணக்கில் சற்றுக் குறையவும் செய்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே பள்ளியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வெளிநாட்டுக் கதை எதுவும் உங்களுக்கு உதவாது.

நம் பக்கத்து ஆர்.சி. தொடக்கப் பள்ளியின் அமைப்பு வேறு. நிர்வாகம் மறைமாவட்டத்துடையது அல்லது சிஸ்டர்களின் சபையுடையது. டீச்சரை நியமிப்பது அவர்கள். சம்பளம் கொடுப்பது அரசு. தாளாளர் பெரும்பாலும் பங்குச் சாமியாராகவோ சபையின் சிஸ்டராகவோ இருப்பார். சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவில் இருக்கிறது. (பலகையில் டி.இ.எல்.சி. என்று இருந்தால் அது கத்தோலிக்கப் பள்ளி இல்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய சீகன்பால்குவின் வழிவந்த லுத்தரன் திருச்சபையுடையது. ஊரில் எல்லாவற்றையும் சாமியார் பள்ளிக்கூடம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.)

புத்தகத்தில் வித்தியாசம் இல்லை. 2010-ல் சமச்சீர் கல்வி வந்ததிலிருந்து ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இரண்டு பள்ளியிலும் ஒன்றேதான். பார்வையிட வருவதும் அதே வட்டாரக் கல்வி அலுவலர்தான். நான் பயிற்சி வகுப்பு எடுத்தபோது யூனியன் ஸ்கூல் டீச்சரும் ஆர்.சி. ஸ்கூல் டீச்சரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி முடிந்து அவரவர் பள்ளிக்குத் திரும்பிய பிறகுதான் பாதை பிரியும்.

ஏன் பிரிகிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு டீச்சர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. டெல்டா கிராமங்களில் பிறப்பு குறைந்தது, வேன் வந்தது, திருப்பூருக்கும் சென்னைக்கும் குடும்பங்கள் போயின. முப்பது நாற்பது பிள்ளைகளோடு நிற்கும் ஒன்றியப் பள்ளிகளே இன்று அதிகம். இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு. அதிலும் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் என்ற கணினிப் பதிவும் விலையில்லாப் பொருள்கள் வாங்கிவருவதும் கூட்டங்களும் அவர் தலையில். பல வட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வந்து சேர்கிற ஆர்.சி. பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்க முடிகிறது. உதவிபெறும் பணியிடம் போதாதபோது நிர்வாகமே சொந்தச் செலவில் ஒருவரை வைத்துக்கொள்கிறது.

இனி ஒன்றாம் வகுப்புக்குள் போவோம்.

ஒன்றியப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம் இருப்பார்கள். இதைக் கண்டு பெற்றோர் மிரளுகிறார்கள். ஆனால் அங்கே பின்பற்றுகிற முறை இந்த நிலைமைக்கென்றே பிறந்தது. 1972-ல் டேவிட் ஹார்ஸ்பரோ கர்நாடகத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளி, பிறகு ஆந்திரத்து ரிஷி வேலியைச் சுற்றிய ஓராசிரியர் பள்ளிகள் என்று வந்த வழி இது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தொடங்கி, 2007-08-ல் தமிழகம் முழுக்கப் பரவியது. பாய், பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படிப் படம், ஒவ்வொரு பிள்ளைக்கும் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். டீச்சர் துணையோடு படிக்கிற குழு, சக பிள்ளை துணையோடு படிக்கிற குழு, தானே படிக்கிற குழு என்று ஒரே நேரத்தில் பல வேலை நடக்கும். அந்த அட்டைகளில் அ, ஆ என்று வரிசையாகத் தொடங்கவில்லை. ட, ப, ம போல எழுத எளிதான எழுத்துகளில் தொடங்கி, உடனே படம், மடம் என்று சொல்லாக்கிவிடுவார்கள். எழுத்து ஒன்றோடொன்று சேர்ந்தால் ஒலி வருகிறது, ஒலி சேர்ந்தால் பொருள் வருகிறது என்பதை முதல் மாதத்திலேயே பிள்ளை கண்டுகொள்ளும்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி நூல் கொடுப்பது அதன் உயிர்நாடி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். அதற்காக அவனை யாரும் திட்டுவதில்லை, அவன் நிற்கிற இடத்திலிருந்து கூட்டிப் போக வேண்டும். பாட்டு, கைப்பொம்மை, வேடம் போட்டுக் கதை சொல்வது எல்லாம் இதில் பாடத்தின் பகுதி.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் இருந்தது என்பதை நான் பயிற்சிகளில் சொல்வதுண்டு. பிரம்பை விட்டுவிடுங்கள், அமைப்பைப் பாருங்கள். வகுப்பு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் மணலில் எழுதி எண்சுவடி படித்து முன்னேறும். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

ஆர்.சி. பள்ளியின் மரபு வேறு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் ஜான் பாப்டிஸ்ட் தெ ல சால் என்ற கத்தோலிக்கக் குருவானவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார். அதுவரை வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க, மற்ற பிள்ளைகள் சும்மா இருக்கும். ஒரே நிலையில் உள்ள பிள்ளைகளை ஒரு வகுப்பாக உட்காரவைத்து, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் என்பதை அவருடைய பள்ளிகள்தான் ஒரு முறையாக ஆக்கிக் காட்டின. லத்தீனில் தொடங்காமல் பிள்ளைகளின் தாய்மொழியான பிரெஞ்சில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். அமைதி, வரிசை, கையெழுத்து மூன்றுக்கும் பெரிய மதிப்பு. டீச்சர் குரல் எழுப்பாமலே வகுப்பை நடத்த ஒரு சிறு மரக் கருவியால் தட்டிச் சைகை செய்வார்கள். இன்று நம் சிஸ்டர் கையைத் தட்டியதும் அறுபது பிள்ளைகள் அடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பள்ளிகள்தான் நினைவுக்கு வரும். அந்த வரிசையும் கையெழுத்தும் இன்றும் ஆர்.சி. பள்ளியில் இருக்கின்றன. அரிச்சுவடியை அ-விலிருந்து தொடங்கி உயிர்மெய் முழுவதும் வரிசையாகச் சொல்லவைப்பார்கள். இரட்டைக்கோடு நோட்டில் தினமும் எழுத்து. தினமும் சொல்வதை எழுதுதல். தவறிய சொல்லைப் பத்து முறை எழுதிக்கொண்டு வர வேண்டும். டைரியில் வீட்டுப்பாடம், அதற்கு அம்மா கையெழுத்து.

செயல்வழிக் கற்றல் ஆர்.சி. பள்ளிகளுக்கும் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் அந்தச் சுவரிலும் ஒட்டியிருக்கும். ஆனால் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கும்போது எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் கைக்கு எளிது, பெற்றோரும் அதையே பாடம் என்று நம்புகிறார்கள். அட்டைகள் அலமாரிக்குள் போய்விடும். ஒன்றியப் பள்ளியிலும் மூன்று டீச்சர் இருந்த இடங்களில் இதுவே நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பிள்ளையின் கையில் என்ன மிஞ்சுகிறது?

கணக்கில் இது பளிச்சென்று தெரியும். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று என்று சிறியதைப் பெரியதிலிருந்து எடுத்துவிடும். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்ற மந்திரத்தை மனப்பாடமாக்கிய பிள்ளைக்கு விடை சரியாக வரும், ஆனால் என்ன கடன், எவ்வளவு கடன் என்று கேட்டால் விழிக்கும். பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி வைத்துக் கழித்த பிள்ளை ஒரு கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ஏழை எடுத்துக்கொள்ளும். அதற்கு விளக்கம் தேவையே இல்லை. பத்து எங்கே போனது என்று அதன் கண் பார்த்திருக்கிறது. இந்தக் குச்சிக் கட்டும் மணிச்சட்டமும் புளியங்கொட்டையும் ஒன்றியப் பள்ளியின் பாயில் தாராளமாகக் கிடக்கும். ஆனால் அதே பிள்ளை நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு ஓடாமல் தடுமாறும். 7 பெருக்கல் 8 உடனே வாயில் வராத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பின் நீள்வகுத்தல் பெரிய மலை. ஆர்.சி. பள்ளிப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். இரண்டும் வேண்டும். புரிதல் முதலில், வேகம் பிறகு என்பது என் கட்சி; வாய்ப்பாட்டை வீட்டில் சோறு ஊட்டும்போதுகூடச் சொல்லவைத்துவிடலாம், பத்து என்பது என்ன என்ற புரிதலை அப்படி ஊட்ட முடியாது.

வாசிப்பில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து பாடத்தை மடமடவென்று சொல்லும். விரலை நடுவில் ஒரு சொல்லின் மேல் வைத்து இது என்ன என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து மறுபடி ஓடிவந்துதான் அந்தச் சொல்லைச் சொல்லும் என்றால் அது வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறது. ஒரே குரலில் சேர்ந்து படிக்கும் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்வார்கள், பெரும்பாலும் பின்வரிசையில். ஆர்.சி. பள்ளி முறையின் பெரிய பலவீனம் இதுதான் என்பேன். நிலைவாரியாகப் பிரிக்கிற அறையில் இப்படி ஒளிய இடம் குறைவு. அதற்கு மாறாக, எழுத்துப் பயிற்சியில் ஒன்றியப் பள்ளி பின்தங்குகிறது. வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடுகிற பேச்சு நம்முடையது. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண தினமும் காதால் கேட்டுக் கையால் எழுதாமல் படியாது. மூன்று வகுப்பை மேய்க்கிற டீச்சருக்கு முப்பது நோட்டையும் சிவப்பு மையால் திருத்த நேரம் எங்கே இருக்கிறது? ஆர்.சி. பள்ளிப் பிள்ளையின் நோட்டைத் திறந்தால் அந்த டீச்சரின் உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். (நெடில் ஏ, ஓ இரண்டையும் குறிலிலிருந்து பிரித்தறிய இன்றைய வடிவத்தைத் தந்தவர் என்று நாம் போற்றும் வீரமாமுனிவர் கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு. எழுத்தின் மேல் அந்தக் கவனம் இந்த மண்ணின் கத்தோலிக்கர்களுக்குப் பழையதுதான்.)

ஒன்றியப் பள்ளியின் முறை கெட்டிக்கார முறை, ஆனால் ஆள் பலத்தை நம்பியிருக்கும் முறை. இரண்டு டீச்சரில் ஒருவர் பயிற்சிக்கோ பேறுகால விடுப்புக்கோ போனால் அன்று முதல் குழுவும் இல்லை, நிலையும் இல்லை. ஐந்து வகுப்பையும் அமைதியாக உட்காரவைப்பதே பாடு. ஆர்.சி. பள்ளியில் ஒருவர் வராவிட்டால் பக்கத்து வகுப்பு டீச்சரோ தலைமையாசிரியையான சிஸ்டரோ உள்ளே வந்துவிடுவார். அங்கே வளாகத்திலேயே தங்கியிருக்கிற சிஸ்டர்களுக்குப் பள்ளிக்கூடமே வாழ்க்கை. ஒரு தெருவின் அக்காவையும் தங்கையையும் அவர்கள் அம்மாவையும் படிக்கவைத்த டீச்சர் இன்னும் இரண்டாம் வகுப்பில் இருப்பார். மறைமாவட்டத்துக்குள் இடமாற்றம் உண்டுதான், ஆனாலும் ஒன்றியப் பள்ளியில் கலந்தாய்வு நடக்கிற ஆண்டெல்லாம் டீச்சர் போய்விடுவாரோ என்று ஊர் பயப்படுகிற நிலை அங்கே குறைவு. பிள்ளைக்கு ஐந்து வயதில் முறையைவிட முக்கியம், தன்னைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு முகம்.

புகார் சொல்வதிலும் வேறுபாடு உண்டு. ஆர்.சி. பள்ளியில் தாளாளர் நினைத்தால் மறுநாளே சரியாகிவிடும், நினைக்காவிட்டால் உங்களுக்கு வேறு வழி குறைவு. 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. ஒன்றியப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதன் தலைவர் படிக்கிற பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும். நாளை நீங்களே அந்த இடத்தில் உட்காரலாம்.

ஆங்கிலவழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆர்.சி. பள்ளியில் சேர்ப்பதானால் தமிழ்வழியில் சேருங்கள். அரசுச் சம்பளம் வாங்குகிற, பல ஆண்டு அனுபவமுள்ள டீச்சர்கள் பெரும்பாலும் தமிழ்வழியில் இருக்கிறார்கள். கட்டணம் வாங்குகிற ஆங்கிலவழிப் பிரிவில் நிர்வாகம் கொடுக்கும் குறைந்த சம்பளத்துக்கு வருகிற இளம்பெண்கள், நல்லவர்கள்தான், கல்யாணமோ வேறு வேலையோ வந்ததும் போய்விடுகிறார்கள். வீட்டில் யாரும் பேசாத மொழியில் கழித்தலைக் கற்கிற பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பாரத்தைச் சுமக்கிறது. இன்னொன்று, மாநில அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் செய்த சட்டத்திருத்தத்தின்படி அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வயதில் எடுக்கிற முடிவு இருபத்திரண்டு வயதில் வந்து நிற்கும்.

மதத்தைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். காலைக் கூட்டத்தில் ஒரு ஜெபம், ஒரு பாட்டு இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிற நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையில் உட்காரவைக்க முடியாது. அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. நம் பக்கத்தில் பல ஆர்.சி. பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளே அதிகம். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு போகிற ஊர் இது. இந்தக் காரணத்துக்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

தயங்க வேண்டிய வேறொரு காரணம் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடம் எந்தத் தெருப் பக்கம் இருக்கிறது, அங்கே யார் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விலகுகிற குடும்பங்கள் நம் கிராமங்களில் இருக்கின்றன. வெளியே 'கான்வென்டில் ஒழுக்கம் நல்லா இருக்கும்' என்பார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இருந்தால், அதைப் படிப்பின் மேல் ஏற்றிச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். கூடப் படிக்கிற பிள்ளையின் தெருவால் உங்கள் மகளின் படிப்பு ஒருநாளும் குறையாது. அவளுக்கு ஊரில் தோழிகள் கிடைப்பார்கள்.

உங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள். மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டித்தான் பள்ளியும் திறக்கிறது. புதிதாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளை அழுகிற அதே வாரங்களில் வீட்டில் குறுவை நாற்றங்கால் வேலை. தை பிறந்தால் சம்பா அறுப்பு. அம்மா விடியலில் வயலுக்குப் போகிற வீட்டில் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்துவிடும். பத்து மணிக்கு அதன் கண் சொருகும், எந்த முறையும் அங்கே எடுபடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நம் நாகை மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்துதான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. ஊரகத்தின் உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் போனது. இப்போது இரண்டு பள்ளியிலும் உப்புமாவும் பொங்கலும் உண்டு. ஆனால் ஊர்ப் பள்ளிக்கு எட்டு மணிக்கு எழுந்துகூட ஓடிவிடலாம். வேன் ஏழரைக்கே வாசலில் நிற்கும். வேன் எந்தெந்த ஊர் சுற்றிப் போகிறது, ஐந்து வயதுப் பிள்ளை அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் என்று ஒரு நாள் நீங்களே ஏறிப் போய்ப் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் இரண்டு பள்ளிக்கும் வேலைநாளில், பதினோரு மணி வாக்கில் போங்கள். விழா நாளில் போகாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, நீங்கள் கொண்டுபோன தினசரியிலிருந்து நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளி ஒன்றாம் வகுப்பில் என்ன செய்கிறது என்பதற்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாய்தான் சாட்சி. முதல் வரிசைப் பிள்ளையை டீச்சர் காட்டினால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பை யார் எடுக்கிறார், எத்தனை ஆண்டாக எடுக்கிறார், அடுத்த ஆண்டும் இருப்பாரா என்று விசாரியுங்கள். ஒன்றியப் பள்ளியில் கீழ்மட்டக் கரும்பலகையில் பிள்ளைகளின் இன்றைய எழுத்து இருக்கிறதா, அல்லது பெயின்ட் அடித்து அழகாக விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பறையில் எத்தனை வாசல், மாடிப்படி எவ்வளவு அகலம், சமையல் கூடம் வகுப்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது; எந்தத் தாளாளரிடமும் எந்தத் தலைமையாசிரியரிடமும் இதைக் கேட்க நீங்கள் கூசவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என் கருத்தைக் கேட்டால், உங்கள் ஒன்றியப் பள்ளியில் கீழ் மூன்று வகுப்பையும் எடுக்கிற டீச்சர் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து உண்மையாகவே நடத்துகிறவராக இருந்தால், மூன்றாம் வகுப்பு வரை அங்கேயே படிக்கட்டும். கையெழுத்தையும் சொல்வதை எழுதுதலையும் நீங்கள் வீட்டில் தினம் கால் மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அப்படி இல்லை, அல்லது தலைமையாசிரியர் வேலையும் அவர் கையிலேயே இருக்கிறது என்றால், ஆர்.சி. பள்ளியின் தமிழ்வழி வகுப்பு. அங்கே சேர்த்தால் நோட்டைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் புதுப் பத்தியை வாசிக்கவைத்து வாரம் ஒருமுறை சோதியுங்கள். குச்சிக் கட்டை வீட்டில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டால் மாற்ற முடியாதே என்ற பயமும் வேண்டாம். பிறகு ஒன்றியப் பள்ளிக்கே வர நினைத்தால், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டி அங்கே சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஆர்.சி. பள்ளியில் இடம் கேட்பதானால் மட்டும் ஜூன் வரை காத்திருக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.